நாற்காலிக்குள் இருக்கும் பயம்: ‘மாமன்னன்’ ரத்னவேலை முன்வைத்து

1

வில்லனுக்குக் கைதட்டுவது தமிழ்ப் பார்வையாளருக்குப் புதுசல்ல. எம்.ஆர். ராதாவின் குரலுக்கும் ரகுவரனின் நடைக்கும் கைதட்டி வளர்ந்தவர்கள்தான் நாம். ஆனால் 2023 ஜூலைக் கடைசியில் நடந்தது வேறு. மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ ஜூன் 29 அன்று திரையரங்குகளுக்கு வந்தது. அடுத்த மாதம் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. வந்த சில நாட்களிலேயே ஃபகத் ஃபாசில் நடித்த ரத்னவேலைப் படத்திலிருந்து பிய்த்தெடுத்து, சாதிப் பெருமைப் பாட்டுகளின் மேல் ஒட்டி, கைபேசி கைபேசியாகச் சுற்ற விட்டார்கள். படம் யாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியதோ அவனை அதே கூண்டோடு பல்லக்கில் தூக்கிக்கொண்டு போனார்கள். நல்ல நடிகனுக்குக் கிடைத்த பாராட்டு என்று சொல்லி இதைத் தாண்டிப் போய்விட முடியாது. கைதட்டல் நடிப்புக்கு மட்டும் விழவில்லை, அவன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கும் சேர்த்தே விழுந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரத்னவேல் என்ன சாதி என்று படம் பெயர் சொல்லவில்லை. கதை நடக்கும் காசிபுரமும் சேலம் வட்டாரமும் கொங்கு மண் என்று நமக்குத் தெரியும், அதிலிருந்து நாம் ஊகிக்கிறோம். ஆனால் கைபேசியில் அவன் ஒரு சாதிக்காரனாகப் பிறக்கவில்லை. மேற்கே ஒரு சாதி, தெற்கே ஒரு சாதி, வடக்கே ஒரு சாதி என்று ஆளாளுக்கு அவனைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக எடுத்துக்கொண்டார்கள். ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் சாதிகள் ஒரே முகத்தைத் தங்கள் முகம் என்று சொல்லின. அப்படியானால் ரத்னவேல் ஓர் ஆள் இல்லை, ஓர் இடம். அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் தன் முகத்தைப் பொருத்திக்கொள்ளலாம். படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னது இதைத்தான். ஏணியில் ஒவ்வொரு படிக்கும் தனக்குக் கீழே ஒரு படி உண்டு என்கிற ஆறுதல் இருக்கிறது. அந்த ஆறுதலுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, ஃபகத் ஃபாசில் கொடுத்தார்.

இந்த முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது? ‘பாவம், உள்ளுக்குள்ள பயந்தவன்’ என்று சொல்லும் உளவியல் வாசிப்பு ஒன்று இப்போது பரவலாக இருக்கிறது. பயம் இருப்பது உண்மை. ஆனால் அது எந்த மாதிரிப் பயம், அதை யார் உற்பத்தி செய்கிறார்கள், அதற்கான விலையை யார் கட்டுகிறார்கள் என்று கேட்காத வாசிப்பு கடைசியில் ரத்னவேலுக்கு வக்காலத்து வாங்குவதில்தான் போய் முடியும். திருப்பூர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம் என்று எனக்குப் படுகிறது.

2

படத்தின் தொடக்கத்திலேயே ரத்னவேல் யாரென்று தெரிந்துவிடுகிறது. பந்தயத்துக்கு நாய் வளர்க்கிறான். நாய் தோற்கிறது. தோற்ற நாயை அடித்தே கொல்கிறான். இதைக் கொடூரம் என்று மட்டும் படித்தால் பாதிதான் படித்ததாகும். அவனைப் பொறுத்தவரை நாய் தனி உயிர் இல்லை, தன் உடம்பின் நீட்சி. அது தோற்றால் தோற்றது அவன். தன் தோல்வியைச் சுமந்துகொண்டு ஓர் உயிர் கண்ணெதிரே நடமாடுவதை அவனால் பொறுக்க முடியாது. அதனால் தோல்வியையே கொன்றுவிடப் பார்க்கிறான். நாயிடம் செய்ததைத்தான் பின்னால் மனுஷர்களிடமும் செய்கிறான்.

அடுத்தது அந்த நாற்காலிக் காட்சி. இலவசப் பயிற்சி மையம் சம்பந்தமான தகராறைப் பேசித் தீர்க்க மாமன்னனும் மகன் அதிவீரனும் ரத்னவேல் வீட்டுக்குப் போகிறார்கள். மாமன்னன் சட்டமன்ற உறுப்பினர், அதே கட்சிக்காரர், வயதில் மூத்தவர். இருந்தும் அந்த வீட்டில் நிற்கிறார். நின்றே பழகியவர். உட்காரச் சொல்கிறான் மகன். அவ்வளவுதான். யாரும் யாரையும் அடிக்கவில்லை, வையவில்லை, சொத்தில் பங்கு கேட்கவில்லை. ஒரு கிழவர் நாற்காலியில் உட்கார வேண்டும் என்கிற யோசனை மட்டும் அந்த அறைக்குள் வந்திருக்கிறது. அதுவே ரத்னவேலைக் கலங்கடித்துவிடுகிறது.

அவன் ஏன் இப்படி ஆட்டம் காண்கிறான்? மாமன்னன் உட்கார்ந்தால் ரத்னவேலின் நாற்காலி காணாமல் போகப் போவதில்லை. அவன் அப்படியே உட்கார்ந்திருக்கலாம். பணம் அப்படியே இருக்கும், கட்சிப் பதவி இருக்கும், ஆள்பலம் இருக்கும். போகப்போவது ஒன்றே ஒன்று: எதிரில் ஒருவர் நிற்கிறார் என்பது. அவன் அதிகாரம் நாற்காலியில் இல்லை, எதிரில் நிற்கிறவரின் கால்களில் இருக்கிறது. அது அவருடைய கால் என்பதால் எந்த நிமிஷமும் மடங்கிவிடலாம். இதுதான் ரத்னவேலின் பாதுகாப்பின்மை. தான் கீழே போய்விடுவோம் என்று அவன் பயப்படவில்லை. எதிராளி சமமாகிவிடுவானோ என்று பயப்படுகிறான்.

எஜமானனுக்குத் தன் எஜமானத்தனத்தை உறுதிப்படுத்த அடிமையின் அங்கீகாரம் வேண்டியிருக்கிறது, அதனாலேயே அவன் அடிமையைச் சார்ந்தவனாகிறான் என்பது ஹெகல் சொன்ன சித்திரம். பிரான்ஸ் ஃபனான் 1952இல் வந்த தன் நூலில் இதை மறித்தார். காலனிய எஜமானன் கறுப்பனிடம் அங்கீகாரத்தை எதிர்பார்க்கவில்லை, அவனுக்கு வேண்டியது வேலை மட்டும்தான் என்றார். நம் ஊர் எஜமானனுக்கு இரண்டும் வேண்டும். காட்டிலும் கம்பெனியிலும் உழைப்பு வேண்டும், வீட்டு வாசலில் அங்கீகாரமும் வேண்டும். உழைப்பைச் சட்டம், கூலி, கடன் என்று எதையாவது வைத்து வாங்கிவிடலாம். அங்கீகாரத்தை அப்படி வாங்க முடியாது. தினமும் புதுசாகப் பிடுங்க வேண்டியிருக்கிறது. வன்முறை அங்கேதான் வேலைக்கு வருகிறது.

3

இதை இந்த வட்டாரத்து வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கலாம். 1942இல் வெளிவந்த ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ இந்த மண்ணின் முதல் பெரிய நாவல். அவருடைய கீரனூர் தாராபுரத்துப் பக்கம், இன்றைய திருப்பூர் மாவட்டம். பாகம் கேட்கும் விதவை நாகம்மாள், அவளுக்குத் துணை நிற்கும் முரடன் கெட்டியப்பன், கடைசியில் கொழுந்தன் சின்னப்பனின் சாவு. அங்கே பகை நிலத்துக்காக, அதுவும் ஒரே வீட்டுக்குள். ஐம்பது வருடம் கழித்து ‘தேவர் மகன்’ (1992) படத்தில் நாசர் நடித்த மாயனின் பொருமலும் பங்காளிப் பொருமல்தான், பெரியப்பன் வீட்டு மரியாதை தனக்கு இல்லையே என்பது. கெட்டியப்பனும் மாயனும் முரட்டு ஆண்கள்தான். ஆனால் அவர்கள் மோதுவது தங்கள் ஆட்களோடு. ரத்னவேலின் மோதல் அப்படியல்ல. ‘தேவர் மகன்’ படத்தில் மேலே இருக்கிறவர்களின் சண்டையில் கை வெட்டுப்பட்ட இசக்கிதான் தன் மாமன்னன் என்று மாரி செல்வராஜ் 2023 ஜூனில் நடந்த பாடல் வெளியீட்டு விழாவில் கமல்ஹாசன் முன்னிலையிலேயே சொன்னார். இசக்கியாக நடித்த வடிவேலுதான் மாமன்னனும். பங்காளிச் சண்டையில் வெறும் பலியாக இருந்தவன் முப்பது வருடம் கழித்து எதிர்த் தரப்பாக வந்து நிற்கும்போது என்ன ஆகிறது என்பதே ரத்னவேலின் கதை.

இந்த முப்பது வருடத்தில் இங்கே நடந்த முக்கியமான காரியம் பனியன். திருப்பூரின் முதலாளிகளை ஆராய்ந்து ஷரத் சாரி எழுதி 2004இல் வந்த நூல் இந்த இடத்தில் உதவுகிறது. சிறு விவசாயிகளாகவும் கம்பெனித் தொழிலாளிகளாகவும் இருந்த கவுண்டர் சாதி ஆண்கள் எப்படி முதலாளிகள் ஆனார்கள் என்று அவர் கேட்டுக்கொண்டு போகும்போது, திரும்பத் திரும்பக் கிடைத்த பதில் ‘உழைப்பு’. நானும் மெஷின்ல நின்னவன்தான், நானும் பேல் தூக்கினவன்தான். இது முழுப்பொய் அல்ல. அவர்களில் பலர் உண்மையிலேயே பாடுபட்டு வந்தவர்கள். ஆனால் ஒரே ஷெட்டில் அதே அளவு பாடுபட்ட தலித் ஆணும், அதைவிட அதிகம் பாடுபட்ட எல்லாச் சாதிப் பெண்களும் ஏன் முதலாளி ஆகவில்லை? கடனும் ஜாப் ஒர்க்கும் கைமாற்றும் பங்காளி வழியாகவும் மாமன் மச்சான் வழியாகவும் ஓடின. உழைப்பு என்கிற கதையாடல் இந்த ஓட்டத்தை மறைத்துவிட்டு, சொத்தை ஆண் உடம்பின் பெருமையாக மாற்றித் தருகிறது.

சிக்கல் இரண்டாம் தலைமுறையில் வருகிறது. அப்பன் பாடுபட்டுச் சம்பாதித்த இடம் என்று சொல்லிக்கொள்ளலாம். மகன் என்ன சொல்லுவான்? அவன் மெஷின்ல நிற்கவில்லை, பேல் தூக்கவில்லை. உழைப்பு ஒன்றே நியாயம் என்று வைத்துக்கொண்ட ஒரு கருத்தியலுக்குள் உழைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் அவன். ரத்னவேலும் வாரிசுதான். அவனுடையது அரசியல் நாற்காலி. அப்பன் இருந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். அதைத் தான் சம்பாதிக்கவில்லை என்பது அவனுக்குள்ளேயே எங்கோ தெரியும். எதிரே நிற்கிற மாமன்னனோ சுவரொட்டி ஒட்டிய காலத்திலிருந்து கட்சியில் அடி அடியாய் ஏறி வந்தவர். உழைப்பை வைத்துப் பார்த்தால் நாற்காலி யாருக்கு? அந்தக் கேள்வி வாய்க்கு வருவதற்குள் அடித்து அமுக்க வேண்டியிருக்கிறது. உழைப்பால் காட்ட முடியாத தகுதியைப் பிறப்பால் காட்டுகிறான், அதுவும் போதாதபோது கையால் காட்டுகிறான். ஆண்மை என்பது இங்கே சொத்துப் பத்திரத்துக்குப் பதிலாகக் காட்டப்படும் சான்று.

4

முதலாளி மகன் ரத்னவேலைக் கொண்டாடுவதைப் புரிந்துகொள்ளலாம். பனியன் கம்பெனித் தொழிலாளி ஏன் கொண்டாடுகிறான்? எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் ஓவர்லாக் அடிக்கிறவன். பீஸ் ரேட். ஒன்றரை ஷிப்ட் அடித்துவிட்டு ரூமுக்குப் போய் விழுகிறவன். அவன் செல்லில் ஒரு நாள் ஸ்டேட்டஸாக ரத்னவேல் இருந்தான். ‘என்ன தம்பி, இவனப் போய் வெச்சிருக்கே?’ என்றேன்.

‘கெத்தா இருக்கானுங்ணா.’

‘நாய அடிச்சுக் கொன்னானே?’

‘அது தோத்துப்போச்சில்லீங்ணா.’

அந்தப் பதில் என்னை ரொம்ப நாள் குடைந்தது. பீஸ் ரேட்டில் வேலை செய்கிற பையன் ஒவ்வொரு நாளும் பந்தயத்தில் ஓடுகிறவன். ஆர்டர் போனால், கை தளர்ந்தால், மெஷின் படுத்தால் அன்றைக்கு அவன்தான் தோற்ற நாய். அந்தக் காட்சியில் அவன் நின்றிருக்க வேண்டிய இடம் நாயின் இடம். ஆனால் பார்க்கும்போது அடிக்கிறவன் கையில் போய் நின்றுகொள்கிறான். அடிபடுகிறவனின் பக்கத்தில் நின்று பார்ப்பது வலிக்கும். தினமும் அங்கேதான் நிற்கிறோம், சினிமாவிலாவது இந்தப் பக்கம் நின்றுகொள்ளலாமே என்கிற கணக்கு. இதை அறியாமை என்று நாம் கேலி செய்தால் நம்மைவிடப் பெரிய அறியாமை இருக்க முடியாது.

இங்கே ‘பாதுகாப்பின்மை’ என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே சொல்லால் இரண்டு நிலைகளைக் குறிப்பிடுகிறோம். ஒன்று, இருப்பதை இழந்தால் சோறு இல்லை என்கிற நிலை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாத காண்ட்ராக்ட் தொழிலாளியினுடையது, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பத்துப் பேரோடு ஓர் அறையில் படுத்திருக்கிறவனுடையது, மில் விடுதியில் மூன்று வருட ஒப்பந்தத்தில் அடைபட்ட ‘சுமங்கலித் திட்ட’ப் பெண்ணினுடையது. இன்னொன்று, மேலே இருப்பது போய் எல்லோரையும்போல் ஆகிவிடுவோமோ என்கிற நிலை. ரத்னவேலினுடையது இது. முதலாவது நிலையில் இருக்கிறவர்களுக்கு நிஜமாகவே பாதுகாப்பு இல்லை. இரண்டாவது நிலையில் இருக்கிறவனுக்குப் பாதுகாப்பு அளவுக்கு அதிகமாக இருக்கிறது, அதில் ஒரு துளி குறைந்தாலும் தாங்க முடியவில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பதால் முதலாமவனின் கோபத்தை இரண்டாமவன் கடன் வாங்கிக்கொள்கிறான். உள்ளூர்த் தொழிலாளியின் நியாயமான கூலிப் பயம் 2023 தொடக்கத்தில் வடக்கத்தித் தொழிலாளிகள் மேல் எவ்வளவு சுலபமாகத் திருப்பிவிடப்பட்டது என்பதையும், மார்ச்சில் பொய் வீடியோக்களும் வதந்திகளும் என்ன பாடு படுத்தின என்பதையும் திருப்பூர் பார்த்திருக்கிறது.

1984இல் பஞ்சப்படிக்காகப் பனியன் தொழிலாளிகள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. அன்றைக்குத் தொழிலாளி ஆணுக்குத் தன் பயத்தைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் இருந்தது. சங்கம் இருந்தது, ஊர்வலம் இருந்தது, பக்கத்தில் நிற்கிற ஆளின் தோள் இருந்தது. அதற்குப் பிறகான வருடங்களில் ஏற்றுமதி பெருகியது, காண்ட்ராக்ட் பெருகியது, பெண்கள் பெருவாரியாக உள்ளே வந்தார்கள், சங்கம் மெலிந்தது. வைக்க இடமில்லாத பயம் சாதிச் சங்கத்தின் ஸ்டிக்கரிலும் செல்போன் ஸ்டேட்டஸிலும் போய்ச் சேருகிறது.

5

‘நச்சு ஆண்மை’ என்ற தொடர் இப்போது நம் பேச்சில் புழங்குகிறது. எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. நஞ்சை எடுத்துவிட்டால் நல்ல ஆண்மை மிஞ்சும் என்று அது சொல்லாமல் சொல்கிறது. ஈரோட்டிலிருந்து ‘குடி அரசு’ நடத்திய பெரியார் இந்தச் சமரசத்துக்கு வரவில்லை. ஆண்மை என்கிற கருத்தே அழியாமல் பெண்ணுக்கு விடுதலை இல்லை என்றுதான் அவர் வாதாடினார். நொய்யலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் பல நிறத்தில் ஓடிய தண்ணீர் ஆற்றுக்கு வந்த வியாதி அல்ல, சாயப்பட்டறைகளின் கழிவு. பாசனத்துக்கென்று கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை அந்தக் கழிவைத் தேக்கும் குட்டையானது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது யாரும் ஆற்றுக்கு மனநல ஆலோசனை தரவில்லை. கழிவு எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் கை வைத்தார்கள். ரத்னவேலின் நஞ்சும் அப்படித்தான். அது நிலம், சாதி, சொத்துரிமை, கல்யாணம் எல்லாம் சேர்ந்து ஓடும் ஒரு பட்டறையின் கழிவு. அவன் குழந்தைப் பருவத்தில் மட்டும் அதைத் தேடினால் கிடைக்காது.

அந்தப் பட்டறை வெறும் உருவகமும் அல்ல. 2015 ஜூனில் தலித் இளைஞர் கோகுல்ராஜ் கொல்லப்பட்டார். திருச்செங்கோடு மலைக்கோயிலில் வேறு சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்தார் என்பது அவர் செய்த ‘குற்றம்’. முதன்மைக் குற்றவாளியான யுவராஜ் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸப்பில் குரல் பதிவுகளை வெளியிட்டார். அக்டோபரில் சரணடைய வந்தபோது ஆதரவாளர் கூட்டம் கூடியது. 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது, 2023 ஜூனில் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ‘மாமன்னன்’ வந்ததும் அதே மாதம்தான். ஆக, ரத்னவேல் திரையிலிருந்து கைபேசிக்கு இறங்கியவன் என்று நாம் நினைக்கிறோம். கைபேசியில் அவனுக்கான பாதை எட்டு வருடம் முன்னாலேயே போட்டாகிவிட்டது.

திருப்பூர் மாவட்டத்துக்குள்ளேயே, 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார், அவர் மனைவி கௌசல்யா படுகாயத்தோடு பிழைத்தார். சாதி கடந்த கல்யாணம். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர்நீதிமன்றம் தந்தையை விடுதலை செ்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. இப்படிப்பட்ட கொலைகள் நடக்கும்போதெல்லாம் ஊரும் பத்திரிகைகளும் ‘மானம்’, ‘ஆத்திரம்’, ‘மனசு தாங்கல’ என்று கொலைக்கு ஓர் உளவியலைத் தயாரித்துக் கொடுப்பதைக் கவனித்திருக்கிறேன். கொன்றவனுக்கு மனசு உண்டு, செத்தவனுக்கு உடம்பு மட்டும்தான். பாதுகாப்பின்மை பற்றிய நம் வாசிப்பும் இந்தப் பழக்கத்தில் போய் விழுந்துவிடக் கூடாது.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ பட்ட பாட்டையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். குழந்தை இல்லாத காளியை ஊர் குத்திக் குத்திப் பேசுவதுதான் அந்த நாவலின் வலி. நாவலுக்குள் பெரிய வில்லன் யாரும் கிடையாது. 2014 கடைசியில் திருச்செங்கோட்டில் நாவலுக்கு வெளியே வில்லன் கூட்டமாகவே முளைத்தான். ஓர் ஆணின் இயலாமையைப் பற்றி எழுதப்பட்டதை ஒரு சாதியின் ஆண்கள் எல்லோரும் தங்கள் மேல் வைக்கப்பட்ட பழியாக வாசித்தார்கள். 2015 ஜனவரியில் எழுத்தாளன் தன் சாவைத் தானே அறிவிக்க வேண்டி வந்தது. 2016 ஜூலையில் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்துதான் அவர் எழுத்துக்குத் திரும்பினார். காளியின் பயத்தை இரக்கத்தோடு எழுதிய நாவல் அது. அந்த இரக்கத்தைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

6

படத்தின் மேலும் எனக்கு விமர்சனம் உண்டு. ரத்னவேலை ஊர் தூக்கிக்கொண்டு போனதில் படத்தின் வடிவத்துக்கும் பங்கிருக்கிறது.

‘சின்னக் கவுண்டர்’ (1992), ‘எஜமான்’ (1993), ‘நாட்டாமை’ (1994) என்று தொண்ணூறுகளில் வரிசையாக வந்த படங்கள் தென்னந்தோப்பும் பெரிய வீடும் திண்ணை நாற்காலியும் கொண்ட ஓர் இலக்கணத்தை உருவாக்கின. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் நல்லவன், நிற்கிறவர்கள் நன்றியுள்ளவர்கள். முப்பது வருடமாக இந்த இலக்கணத்தில் பழகிய கண் நம்முடையது. மாரி செல்வராஜ் கேமராவை நிற்கிறவர் பக்கம் திருப்பி வைத்தார். பழகிய கண்ணோ பழையபடி நாற்காலியைத் தேடிப் போய்விட்டது. இதில் இயக்குநர் கொஞ்சம் உதவியும் செய்துவிட்டார். ரத்னவேலுக்குத் தனிமை கொடுத்தார், மௌனம் கொடுத்தார், அருகாமைக் காட்சிகள் கொடுத்தார். உள்ளே ஏதோ ஆழம் இருக்கிறது என்று நம்ப வைக்கும் திரைமொழி முழுவதையும் வில்லனுக்கே செலவழித்தார். அதிவீரனுக்குக் கிடைத்ததெல்லாம் கோபம் மட்டுமே.

இரண்டாவது, ரத்னவேலின் ஆண்மைக்கு எதிராகப் படம் கொண்டுவந்து நிறுத்துவதும் இன்னொரு ஆண்மையைத்தான். அதிவீரன் அடிமுறை ஆசான். அடிக்குப் பதில் அடி. ஒடுக்கப்பட்டவனின் திருப்பி அடிக்கும் உரிமையை நான் மறுக்கவில்லை, மேலவளவும் வெண்மணியும் நடந்த நாட்டில் அதை மறுக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் கதை இரண்டு வீட்டு ஆண்களின் கதையாகச் சுருங்கிப்போகிறது. லீலா இலவசப் பயிற்சி மையம் நடத்துகிறவள், தகராறே அங்கிருந்துதான் தொடங்குகிறது, போகப் போக அவள் ஓரத்துக்குப் போய்விடுகிறாள். ரத்னவேலின் மனைவிக்குக் கிட்டத்தட்டப் பேச்சே கிடையாது. மாமன்னன் அந்த வீட்டில் உட்காரலாமா கூடாதா என்று இத்தனை பெரிய கலவரம் நடக்கிறதே, அந்த வீட்டுப் பெண் எப்போது உட்கார்ந்தாள்? படம் கேட்கவில்லை. ரத்னவேலின் பயத்தைப் பக்கத்தில் இருந்து தினமும் பார்த்த ஒரே ஆள் அவள்தான். அவள் பேசியிருந்தால் கைபேசிக்காரர்களுக்கு அவனை வெட்டியெடுப்பது இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

இது வீட்டோடு நிற்கிற விஷயமும் இல்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அங்கிருந்த மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். மேலேயிருந்து டார்கெட் இறங்கி வர, லைனில் நிற்கும் பெண்கள் மேல் அதைக் கத்திக் கத்தி இறக்குகிற சூப்பர்வைசர்களை எல்லோரும் பார்த்திருப்போம். இவர்கள் நாற்காலிக்காரர்களும் இல்லை, நாற்காலிக்காரரின் குரலைக் கடன் வாங்கியவர்கள். அந்தச் சாவுக்குப் பிறகு தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் என்கிற, பெண்கள் தலைமையில் இயங்கும் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. பாலியல் சீண்டலைத் தொழிலாளிகளே கண்காணித்துப் புகார் செய்யவும், ஆலை சரிசெய்யாவிட்டால் வாங்குகிற வெளிநாட்டு பிராண்டுகளை அதற்குப் பொறுப்பாக்கவும் அதில் வழி உண்டு. சூப்பர்வைசரின் மனசை ஆராய்ந்துகொண்டிருக்காமல் அவர் கையில் இருந்த அதிகாரத்தைக் குறைத்தார்கள். ரத்னவேலுக்கு எழுதப்பட்ட விமர்சனங்களிலேயே சிறந்தது இந்த ஒப்பந்தம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

7

கடைசியாகப் படத்தின் முடிவு. மாமன்னன் தேர்தலில் ஜெயித்துச் சபாநாயகர் ஆகிறார். அவர் உள்ளே வரும்போது அவை முழுவதும் எழுந்து நிற்கிறது. இதைப் பார்த்த பலரும் ப. தனபாலை நினைத்துக்கொண்டார்கள். அருந்ததியர் சமூகத்திலிருந்து வந்தவர், 2012 முதல் 2021 வரை தமிழகச் சட்டமன்றத்தின் சபாநாயகர். 2011இல் ராசிபுரத்திலும், பிறகு 2016இலும் 2021இலும் நம் அவிநாசியிலும் ஜெயித்தவர். படத்தில் நாற்காலி கிடைத்ததும் கதை முடிகிறது. நிஜத்தில் அப்படி முடியவில்லை. 2017 பிப்ரவரி 18 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பு அமளியில் தி.மு.க. உறுப்பினர்கள் தனபாலைச் சூழ்ந்து இழுத்தார்கள், அவருடைய இருக்கையில் சிலர் ஏறி உட்கார்ந்தும் காட்டினார்கள். ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவன் என்பதால்தான் தனக்கு இது நடக்கிறது என்று அவர் அவையிலேயே சொன்னார். அதே தி.மு.க.வின் உதயநிதி ஸ்டாலின்தான் ‘மாமன்னன்’ படத்தின் நாயகன், அவருடைய நிறுவனம்தான் தயாரிப்பு. சமூகநீதி பேசும் கட்சிக்குள்ளும் ரத்னவேல் உட்கார்ந்திருக்கிறான் என்பதுதானே படமே சொல்லும் செய்தி. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்கு திட்டை ஊராட்சித் தலைவரான தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளிவந்ததையும் மறந்துவிட முடியாது. பதவி இருந்தும் நாற்காலி இல்லை.

எனவே ஒரு மாமன்னனை உட்கார வைத்து மற்றவர்களை எழுப்பி நிறுத்துவது போதாது. அது ஒரு தலைமுறைக்கு வேண்டிய மரியாதைதான், அதில் எனக்கும் கண் கலங்கியது. ஆனால் உட்காருதல், நிற்றல் என்கிற இந்த ஏற்பாடே இருக்கும்வரை ரத்னவேல்கள் பிறந்துகொண்டேதான் இருப்பார்கள். நம் ஷெட்டுகளில் டெய்லர் உட்கார்ந்து தைக்கிறார். செக்கிங் பெண்களும் கைமடிப் பெண்களும் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். நின்று வேலை செய்கிறவர்கள் இடையில் உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவே சொன்னது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியது 2021இல்தான். உட்காருவதற்குச் சட்டம் தேவைப்படுகிற நாட்டில் நாற்காலி வெறும் மரச்சாமான் ஆகாது.

இந்தப் படத்தை வைத்து நம் தோழர்கள் விடுதிகளிலும் சங்க அலுவலகங்களிலும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். ஸ்டேட்டஸ் வைத்த பையனைத் திட்டுவதற்காக அல்ல. அந்தக் காட்சியில் நீ எங்கே நிற்கிறாய், உன் பக்கத்து மெஷினில் இருக்கிற பீகார்க்காரன் எங்கே நிற்கிறான், உனக்கு எதிரே நின்றுகொண்டே பிசிறு வெட்டுகிற அக்கா எங்கே நிற்கிறாள் என்று கேட்க. அந்த அக்காவுக்கு ஒரு பெஞ்ச் கேட்டு நீ சூப்பர்வைசரிடம் போவாயா என்றும் கேட்க வேண்டும்.